கேன் தட்டும் முறை

"இது யாருது?" என்று மேடம் கேட்டார்.

குடிநீர் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் நிமிர்ந்தார்கள். சாம்பிள் நீரைக் கலக்கும் கருவி மட்டும் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

மேடத்தின் கையில் ஒரு தாள். நகல் எடுக்கும் மெஷினின் தட்டில் கிடந்ததை எடுத்துவந்து, எல்லோர் முன்னிலையிலும் அவரிடம் நீட்டியவர் ஸ்டோர் அக்கா. பேப்பர், மை, கையுறை, சோப்பு எல்லாம் அவர் பொறுப்பு.

"நம்ம ரிப்போர்ட் மாதிரி தெரியல மேடம்," என்றார் ஸ்டோர் அக்கா. "நம்ம ரிப்போர்ட்ல எந்தப் பொம்பளையும் இப்படி வாயைத் தெறந்ததில்ல."

தாளில் ஒருத்தி மைக்கை விழுங்கப்போகிறவள் போலப் பாடிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கீழே, ஒயரை ஒட்டும் சால்டரிங் இரும்பைப் பிடித்த ஒரு கை. மேலே தடித்த எழுத்தில், 'உன் ஒயரை நீயே ஒட்டு.'

கடைசி மேசையில் இருந்தவள் தன் பையைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளினாள்.

ஆபீஸில் அவளுக்குப் பெயர் பிப்பெட். திரவத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்துவிடும் கண்ணாடிக் குழாய். ஆளும் ஒல்லி, பேச்சும் சொட்டுச் சொட்டாகத்தான் வரும் என்பதால் உப்பு சார் வைத்த பெயர். உப்பு சார் என்பது, நீரில் உப்பு எவ்வளவு என்று பார்க்கிற அவருக்கு பிப்பெட் பதிலுக்கு வைத்த பெயர். மனதுக்குள் மட்டும்.

இந்தப் பிப்பெட்தான் 'கூச்சல்' என்ற பத்திரிகையின் ஆசிரியர். எழுதுவதும், படம் வெட்டி ஒட்டுவதும், மடிப்பதும், நடுவில் பின் அடிப்பதும் அவளே. பாடுகிற பெண்கள், டிரம்ஸ் வாசிக்கிற பெண்கள், பழைய ஸ்பீக்கரைப் பிரித்துப் புதிதாகச் செய்கிற பெண்கள் எல்லோரும் அதில் வந்தார்கள். இசைக்கருவிக் கடையின் கல்லா ஓரத்திலும், சின்னச் சின்னக் கச்சேரிகளின் வாசலிலும் அது விற்றது. எல்லோர் பெயரும் அதில் இருக்கும். அவள் பெயர் மட்டும் இருக்காது. 'ஆசிரியர்' என்று போட்டிருக்கும், அவ்வளவுதான்.

பேப்பர் அவள் காசில் வாங்கியது. மெஷின் ஆபீஸுடையது. எல்லோரும் சாப்பிடப் போனபின் நகல் எடுப்பாள். கோணலாக வந்த தாள்களைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொள்வாள். விற்றுத் தீர்ந்த இந்த மாத இதழை நேற்று மறுபடி அடித்தபோது ஒன்று தப்பியிருக்க வேண்டும்.

மெஷினுக்கு மேலே சுவரில் ஓர் அறிவிப்பு உண்டு. 'சொந்த வேலைக்கு அல்ல.' கீழே மேடத்தின் கையெழுத்து. மாடி வீட்டை வாடகைக்கு விட அதில் நோட்டீஸ் அடித்த ஒருவர் இப்போது ஊருக்கு வெளியே ஒரு நீரேற்று நிலையத்தில், பம்போடு பேசிக்கொண்டிருக்கிறார்.

"யாருதுன்னு கேட்டேன்," என்றார் மேடம்.

எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். அந்த வரிசையில் பார்வை தன்னிடம் வருவதற்குள் ஏதாவது சொல்லிவிட வேண்டும் என்று பிப்பெட்டுக்குத் தோன்றியது. அதுதான் முதல் தப்பு.

"பராமரிப்புக் குறிப்பு மேடம்," என்றாள்.

"என்னது?"

"நம்ம சாம்பிள் பாக்கிற மீட்டரோட ஒயர் அடிக்கடி விட்டுப்போகுது. அதை நாமளே ஒட்டுறதுக்கு."

மேடம் தாளைப் பார்த்தார். பிப்பெட்டைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

"மைக் படம் போட்டிருக்கு."

"ஒயர் ஒண்ணுதான் மேடம். முனைதான் வேற."

மேடம் நிமிர்ந்து நின்றார். திட்டுவதற்கு மூச்சு இழுக்கிறார் என்று பிப்பெட் நினைத்தாள்.

"சரி," என்றார் மேடம். "மிச்சப் பக்கம் எங்க?"

"மிச்சமா மேடம்?"

"ஒத்தப் பக்கத்துல எந்தக் கையேடும் முடியாதே. நாளைக்குக் காலையில முழுசாக் கொண்டா."

அன்று மாலை பிப்பெட் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தன் பத்திரிகையைத் தானே கொலை செய்தாள்.

வழி எளிதாகத்தான் இருந்தது. 'பாடகி' வரும் இடத்தில் எல்லாம் 'ஆய்வாளர்' என்று மாற்றினாள். 'மேடை' என்பது 'ஆய்வுக்கூடம்' ஆனது. 'ஆம்ப்ளிஃபையர்' எல்லாம் 'மீட்டர்'. படங்களை எடுத்துவிட்டாள். படித்துப் பார்த்தபோது, 'ஆய்வாளர் ஆய்வுக்கூடத்தில் ஏறும் முன் வெந்நீரால் தொண்டையை நனைத்துக்கொள்வது நல்லது' என்று இருந்தது. பாதுகாப்பு விதி மாதிரியே தெரிந்தது. விட்டுவிட்டாள்.

டிரம்ஸ் வாசிக்கிறவளின் பேட்டி வந்தபோதுதான் கை நின்றது. வீட்டுக்குத் தெரியாமல் வாளிகளைக் கவிழ்த்துப்போட்டுத் தட்டித் தட்டிக் கற்றவள் அவள். பேட்டி முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள். "என் பேரைச் சரியாப் போட்டுடு, என்ன? இதுவரைக்கும் எங்கயும் வந்ததில்ல."

சாம்பிள் நீர் பிளாஸ்டிக் கேன்களில்தான் வரும். பிப்பெட் கண்ணை மூடிக்கொண்டு டிரம்ஸை எல்லாம் கேன் ஆக்கினாள். பெயரை எடுத்தாள். தலைப்பு, 'கேன் தட்டும் முறை' என்று ஆனது. 'மணிக்கட்டு தளர்வாக இருக்கட்டும். கேனுக்குப் பயப்படாதே. கேன் உனக்குப் பயப்பட வேண்டும்.'

மறுநாள் காலை மேடம் தன் அறையில் அதை வரி விடாமல் படித்தார். சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். ஒரு முறைகூடச் சிரிக்கவில்லை.

"இந்தக் கேன் தட்டுற பகுதி," என்றார்.

"மேடம்."

"வலது கைக்குச் சொல்லியிருக்கு. இடது கை என்ன பண்ணணும்னு சொல்லவே இல்லயே."

பிப்பெட் தன் வாழ்நாளில் இப்படி ஒரு கண்டிப்பைப் பார்த்ததில்லை. "அடுத்த பாகத்துல வருது மேடம்," என்றாள்.

"அடுத்த பாகம் எப்போ?"

"சீக்கிரமே."

மேடமே எழுந்துபோய் நகல் எடுத்தார். இரண்டு பக்கமும் வருகிற மாதிரி, நடுவில் மடிக்கிற மாதிரி, பட்டன்களைப் பார்க்காமலே தட்டினார். பதவியில் இருப்பவர்களுக்கு எதுவுமே தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்த உப்பு சார் அன்று ஒரு நாள் அந்தப் பேச்சை நிறுத்தினார்.

ஆளுக்கொரு பிரதி. எல்லோரும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும்.

"மேடம், ஒரு சந்தேகம்," என்றார் உப்பு சார். "கேனை எதுக்குத் தட்டணும்?"

பிப்பெட் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"வண்டல் அடியில தங்கிடக் கூடாதுன்னுதான்," என்றார் மேடம் சட்டென்று. "இது தெரியாமலா இத்தனை வருஷம் சாம்பிள் எடுத்தீங்க?"

உப்பு சார் கையேட்டில் கையெழுத்துப் போட்டார். அன்று மதியத்திலிருந்து ஆய்வுக்கூடத்தில் ஆளாளுக்குக் கேனைத் தட்ட ஆரம்பித்தார்கள். மணிக்கட்டைத் தளர்த்தித்தான் தட்டினார்கள். சாம்பிள் கொண்டுவரும் டிரைவர் வாசலிலேயே நின்று, "உள்ள ஏதாச்சும் விசேஷமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதோடு முடிந்திருக்கலாம். சாயங்காலம் மேடம் பிப்பெட்டை மறுபடி கூப்பிட்டார்.

"இதை எழுதினது யாரு?"

என்னுடையது என்ற சொல் நாக்கு வரை வந்தது. அதற்குப் பின்னால் நீரேற்று நிலையத்தின் பம்பும் வந்தது.

"வெளியில ஒரு நிபுணர், மேடம்."

"ஆணா, பொண்ணா?"

"பொண்ணுதான்."

"அதானே," என்றார் மேடம். பிறகு ஏதோ அதிகம் பேசிவிட்டவர் போலக் கண்ணாடியைச் சரிசெய்தார். "வெள்ளிக்கிழமை வரச் சொல்லு. எல்லாருக்கும் பயிற்சி."

பிப்பெட்டின் தோழி ஒருத்தி பல் டாக்டர். பகலில் பல் பிடுங்குவாள். வாரக் கடைசியில் நான்கு பெண்கள் சேர்ந்த ஒரு குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பாள். தாளில் சால்டரிங் இரும்பைப் பிடித்திருந்த கை அவளுடையது. வெள்ளைக் கோட்டும் வைத்திருந்தாள். நிபுணர் ஆவதற்கு இதைவிட வேறென்ன தகுதி வேண்டும்.

"முடியாது," என்றாள் பல் டாக்டர் போனில்.

"ஒரே ஒரு மணி நேரம்."

"ஏன்டி, பத்திரிகையில என்ன எழுதுற நீ? சத்தமாப் பேசு, உன் பேரைச் சொல்லு, யாருக்கும் பயப்படாதேன்னு பக்கம் பக்கமா எழுதுற. ஆபீஸ்ல போயி என்னுதுன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலயா?"

"வேலை போயிடும்."

"போனா?"

"பத்திரிகைக்குப் பேப்பர் எதுல வாங்குறது?"

போனில் பெருமூச்சு கேட்டது. பின்னணியில் யாரோ வாயைத் திறந்தபடி 'ஆ' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"வர்றேன். ஆனா என் ஆம்ப்பையும் தூக்கிட்டுத்தான் வருவேன். ஒட்டு சரியா இருக்கான்னு காதாலதான் கேக்கணும்."

"வேண்டாம். தயவுசெஞ்சு வேண்டாம்."

"அப்போ வேற நிபுணரைப் பாத்துக்கோ."

வெள்ளிக்கிழமை அவள் வெள்ளைக் கோட்டில் வந்தாள். கோட்டின் பையில் ஒரு பல்லின் படம் தைக்கப்பட்டிருந்தது. இதை இருவருமே யோசிக்கவில்லை.

"பாக்கெட்ல பல்லு இருக்கே?" என்றார் உப்பு சார்.

"எங்க நிறுவனத்து முத்திரை சார்."

"பல்லா?"

"கடிச்சுப் பிடிச்ச மாதிரி ஒட்டணும்னு அர்த்தம்."

உப்பு சார் அதைத் தன் கையேட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

ஆனால் பயிற்சி என்னவோ நன்றாகவே நடந்தது. பல் டாக்டர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். இரும்பைச் சூடு பண்ணு, ஒயரைச் சூடு பண்ணு, ஈயம் தானாக உருகி வரட்டும், அவசரப்படாதே. உப்பு சாரின் முறை வந்தபோது, பழக்க தோஷத்தில் "வலிச்சா கையைத் தூக்குங்க," என்றாள். அவர் உடனே தூக்கினார். சட்டைக் கை கொஞ்சம் கருகியது. ஸ்டோர் அக்கா முதல் முயற்சியிலேயே பளபளவென்று ஓர் ஒட்டு வைத்தார். வைத்துவிட்டு அதை எல்லோரிடமும் கொண்டுபோய்க் காட்டினார். பிறகு முதலில் காட்டியவர்களிடமே மறுபடி காட்டினார்.

பல மாதங்களாக நடுங்கிக்கொண்டிருந்த மீட்டரின் முள் அசையாமல் நின்றது.

பிப்பெட் மூலையில் நின்று பார்த்தாள். தன் பத்திரிகையின் ஒரு பக்கம், அச்சிலிருந்து இறங்கி வந்து, இத்தனை பேர் கையில் வேலை செய்துகொண்டிருந்தது. இதில் உன் பங்கு என்ன என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்றுதான் இவ்வளவும் செய்திருந்தாள். இருந்தும் என்னவோ செய்தது.

"இப்போ காதால கேக்கப் போறோம்," என்று பல் டாக்டர் ஆம்ப்பைத் தட்டினாள். பிஸ்கட் டப்பாவுக்குள் அவளே செய்த ஆம்ப். கிட்டாரை மாட்டினாள். ஸ்டோர் அக்கா ஒட்டிய ஒயரைச் செருகினாள். ஒரே ஒரு கம்பியை மீட்டினாள்.

அலமாரியில் இருந்த கண்ணாடிக் குடுவைகள் அத்தனையும் கிணுகிணுவென்று பாடின.

பிப்பெட் பயந்துபோய் மேடத்தைப் பார்த்தாள். முதல் வரிசையில் இருந்த மேடம், மேசையில் கிடந்த இரண்டு கண்ணாடிக் குச்சிகளை எடுத்து, கைக்கொன்றாகப் பிடித்திருந்தார். விரல்கள் துடித்தன. வீசி எறியப்போகிறார் என்று பிப்பெட் குனிந்தாள். மேடம் குச்சிகளை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"பயிற்சி முடிஞ்சது. ஒரு விஷயம் சொல்லணும்."

அவர் முகம் நன்றாக இல்லை.

"நான் சொல்லட்டுமா மேடம்?" என்று எழுந்தார் உப்பு சார். "கையேடு ரொம்ப நல்லா இருக்குன்னு நான்தான் தலைமை ஆபீஸுக்கு அனுப்பிவச்சேன். அவங்களுக்குப் பிடிச்சுப்போச்சு. எல்லா ஊர் ஆய்வுக்கூடத்துக்கும் அச்சடிச்சு அனுப்பப்போறாங்களாம்."

பல் டாக்டர் பிப்பெட்டைப் பார்த்தாள். பிப்பெட் தரையைப் பார்த்தாள்.

"எழுதினவங்க பேர் கேக்குறாங்க," என்றார் மேடம் தாழ்ந்த குரலில். "யார் பேரைப் போடுறது?"

"எழுதினது நிர்வாகம்னு போட்டுட்டு, ஆலோசனைன்னு என் பேரைப் போட்டா போதும்," என்றார் உப்பு சார். "கேன் தட்டுற அத்தியாயத்தை மட்டும் நான் கொஞ்சம் விரிவா எழுதித் தர்றேன். அதுல எனக்கு இப்போ நல்ல பிடிமானம் வந்திருக்கு."

வாளியைக் கவிழ்த்துப்போட்டுத் தட்டியவளின் முகம் பிப்பெட்டுக்கு முன்னால் வந்து நின்றது. என் பேரைச் சரியாப் போட்டுடு. அவளை ஒரு பிளாஸ்டிக் கேனாக்கி, ஊர் ஊராக அனுப்பி, மேலே உப்பு சாரின் பெயரை ஒட்டப்போகிறார்கள்.

"அது கேன் இல்ல," என்றாள்.

யார் பேசியது என்று எல்லோரும் தேடினார்கள். அந்தக் குரலை அவ்வளவு சத்தமாக யாரும் கேட்டதில்லை.

"அது டிரம்ஸ். ஆய்வாளர்னு இருக்கிற இடத்துல எல்லாம் பாடகி. இது கையேடே இல்ல மேடம், பத்திரிகை. பேரு கூச்சல்." பையிலிருந்து ஓர் இதழை எடுத்து மேடத்தின் முன்னால் வைத்தாள். குரல் நடுங்கவில்லை. "இவங்க நிபுணர் இல்ல, பல் டாக்டர். ஆனா பேஸ் வாசிப்பாங்க, பிரமாதமா வாசிப்பாங்க. இதுல இருக்கிற ஒவ்வொருத்தரும் யாரும் சொல்லிக்கொடுக்காம, யாரும் கூப்பிடாம, தானாவே கத்துக்கிட்டு வந்தவங்க. அவங்க பேரை எடுத்துட்டு யார் பேரையும் போட நான் விட மாட்டேன்."

"இதையெல்லாம் யாரு..." என்று ஆரம்பித்தார் மேடம்.

"நான்தான். எழுதினது, வெட்டினது, ஒட்டினது, மடிச்சது, பின் அடிச்சது எல்லாமே நான். நம்ம மெஷின்லதான் அடிச்சேன். அந்தத் தாளை ட்ரேயில மறந்து வச்சதும் நான்தான். என்ன வேணா பண்ணுங்க மேடம். ஆனா இது என் பத்திரிகை."

பிப்பெட் மொத்தமாகக் கவிழ்ந்து கொட்டிவிட்டது என்று பிற்பாடு ஸ்டோர் அக்கா வர்ணித்தார்.

மேடம் இதழைக் கையில் எடுத்தார். அட்டையைத் தடவிப் பார்த்தார். முகம் கழுத்துவரை சிவந்தது. இதழை மார்போடு பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"பம்பு ஸ்டேஷன்ல போன்கூட எடுக்காதாம்," என்றார் உப்பு சார், யாரிடமும் இல்லாமல்.

"நல்லாக் கத்தினடி," என்றாள் பல் டாக்டர். கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. "அடுத்த இதழ்ல உன் பேரையும் போடு. சொல்லிட்டேன்."

"போடுறேன்."

"முழுப் பேரு."

"முழுப் பேருதான்."

பிப்பெட் தன் மேசையைக் காலி செய்ய ஆரம்பித்தாள். தண்ணீர்ப் பாட்டில், சீப்பு, நீண்ட கையுள்ள ஸ்டேப்ளர். இழுப்பறையின் அடியில் ஒளித்துவைத்திருந்த பழைய இதழ்களை இப்போது மேசைமேல் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி அடுக்கினாள். பயம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. சாம்பிள் எடுக்கிற பெண்கள் இரண்டு பேர் வந்து, ஆளுக்கோர் இதழை எடுத்துப் புரட்டினார்கள். "இதெல்லாம் நீயா?" என்று ஒருத்தி கேட்டாள். "நான்தான்," என்றாள். அதைச் சொல்வது இவ்வளவு நன்றாக இருக்கும் என்று தெரிந்திருந்தால் முன்னாலேயே சொல்லியிருப்பாள்.

இதற்கிடையே மேடத்தின் அறை மணி அடித்தது. ஸ்டோர் அக்கா உள்ளே போனார். கதவு மறுபடி சாத்திக்கொண்டது. உள்ளே குசுகுசுவென்று பேச்சு. ஒரு முறை ஸ்டோர் அக்காவின் குரல் மட்டும் உரக்கக் கேட்டது. "நிஜமாவா மேடம்?"

உப்பு சார் தன் கேன் தட்டுதலை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்.

ஸ்டோர் அக்கா வெளியே வந்தார். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. நேராக பிப்பெட்டிடம் வந்து, அவள் தோளில் மாட்டியிருந்த பையைக் கழற்றித் திரும்ப மேசைமேல் வைத்தார்.

"அந்தத் தாளை ட்ரேயில மறந்து வச்சது நீ இல்லியாம் கண்ணு, மேடமாம்," என்றார். "அவங்க டிரம்ஸ் வாசிக்கிற பேண்டுல மத்தப் பொம்பளைங்களுக்கும் குடுக்கலாம்னு, உன் பத்திரிகையை மாசாமாசம் நம்ம மெஷின்லயே திருட்டுத்தனமா காப்பி எடுக்குறாங்களாம். ஆசிரியர் மன்னிப்பாங்களான்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க."